பட்டிமன்றத்தில் இடியப்ப உரல்

என் கணவர் பரமலிங்கத்துக்கு இயந்திரம் என்றாலே ஆகாது. அவர் ஓடுகிற மோட்டார் சைக்கிளும் கிரிக்கெட் பார்க்கிற தொலைக்காட்சியும் அந்தக் கணக்கில் வராது. நான் வாங்கித்தரச் சொல்லிக் கேட்ட, பற்றரியில் வேலை செய்கிற இடியப்ப உரல் மட்டும்தான் மனித குலத்தை அழிக்க வந்த சாமான்.

அளவையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர் அவர். "கை செய்யிற வேலையை மெஷினிட்டைக் குடுத்தா மனிசனுக்கு மிச்சம் என்ன, உதயகலா?" என்று சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்பார். நான் அப்போது உரலை அமுக்கிக்கொண்டிருப்பேன். எனக்கு மிச்சம் தோள்மூட்டு வலி.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவரும் மகன் கோகுலனும் சுடச்சுடச் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் கடைசித் தட்டு அவிந்து முடியும். நான் சாப்பிட இருக்கும்போது இடியப்பம் ஆறி, தேங்காய்ப்பால் சொதி ஆடை கட்டியிருக்கும். கலியாணம் கட்டிய நாள் முதல் இதுதான் கதை. ஒருநாளாவது அவர்களோடு சேர்ந்திருந்து சூடாகச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசையோ ஆசை.

இணுவிலில் எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். தொழில்நுட்பம் மனிதனை வாழவைக்கிறதா, வீழவைக்கிறதா? வீழவைக்கும் அணிக்கு இவர் தலைவர். மற்ற அணியில் ஒருவர் காய்ச்சலில் விழ, செயலாளர் ஜெயசுதன் ஆள் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"நான் கதைக்கிறன் தம்பி" என்றேன். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே போவதென்று முடிவெடுத்தேன்.

மேடையில் அவர்தான் முதலில் பேசினார். "உழைப்பில்தான் மனிதன் மலர்கிறான்" என்று முடித்தபோது மண்டபமே கைதட்டியது. பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நானும் தட்டினேன்.

என் முறை வந்ததும் பையிலிருந்து பழைய உரலையும் குழைத்த மாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"அணித் தலைவர் இதிலை கொஞ்சம் மலர்ந்து காட்டட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. அவருக்கு மறுக்க வழியில்லை. அமுக்கினார், பல்லைக் கடித்தார், எழுந்து நின்றும் அமுக்கினார். நாலு நூல் எட்டிப்பார்த்து அறுந்து விழுந்தது. வேட்டியெல்லாம் மா.

"மா ஆறி இறுகிப்போச்சு" என்று முனகினார்.

"எனக்கு மட்டும் இறுகாதோ?"

முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். ஆனால் மனுசன் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி, மெஷின் வந்திட்டுது எண்டு வைப்பம். மிஞ்சிற நேரத்திலை என்ன செய்வீர்? போனைத்தானே நோண்டிக்கொண்டிருப்பீர்?"

வாசிப்பு, சங்கீதம் என்று பெரிய பெரிய பதில்களை வீட்டிலேயே பாடமாக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"உங்களோடை இருந்து சூடாச் சாப்பிடுவன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மாக் கையை வேட்டியிலேயே துடைத்துவிட்டு உரலை என் பக்கம் தள்ளிவைத்தார். நடுவர் வழக்கம்போல இரண்டு பக்கத்தையும் தடவிக்கொடுத்து, எதுவும் அளவோடு இருந்தால் நல்லது என்று தீர்ப்புச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு பொன்னாடை.

அந்தக் கிழமை முடியுமுன்பே அவர் பற்றரி உரலை வாங்கிவந்துவிட்டார். பொத்தானை அமுக்கினால் மா நூல்நூலாக இறங்குகிறது! குழந்தைப்பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டுச் சிரித்தேன். தட்டுகள் மளமளவென்று நிறைந்தன. இரண்டு பேருக்கும் போட்டேன், சொதி விட்டேன், சம்பல் வேணுமோ என்று கேட்டேன், பக்கத்தில் நின்றேன். செய்ய வேலை இல்லை. ஆனாலும் நின்றேன்.

"பாத்தீரோ, மெஷின் வந்தும் நிக்கிறீர்" என்றார் இவர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். திருப்பிக் கொடுக்க வாய் திறப்பதற்குள் அவர் எழும்பி, என் தோளைப் பிடித்துத் தன் கதிரையில் இருத்திவிட்டார். அடுப்பிலிருந்த தட்டைத் தானே இறக்கப்போய் விரலைச் சுட்டுக்கொண்டார். ஊதி ஊதி, ஆவி பறக்க என் முன்னால் கவிழ்த்தார்.

"சொதி?"

"ஓம், நிறைய விடுங்கோ. நீங்களும் இருங்கோ."

இன்னொரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். முதல் வாயிலேயே எனக்கு நாக்குச் சுட்டுவிட்டது. பொறுமையில்லாமல் அடுத்த வாயையும் வைத்தேன்.