இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள்

இடைக்கால ஆங்கிலக் கவிதைகளில் யாருக்கும் பிடிபடாத நாற்பது சொற்கள் எந்த மொழியிலிருந்து, எந்த ஊர்ப் பேச்சிலிருந்து வந்தன என்று ஆறு வருடம் தோண்டி அட்டைகளில் எழுதினேன். என் ஆய்வு வழிகாட்டி வரதன் பார்த்துத் தருவதாக வாங்கிப் போனார். அடுத்த வருடம் அவர் பெயரில் புத்தகம் வருவதாகச் சுற்றறிக்கை வந்தது. புகார் கொடுத்தால், 'நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்' என்று சாதிப்பார்.

முத்தாபுதுப்பேட்டை வீட்டில் அப்பாவிடம் கொட்டினேன். அம்பத்தூர் பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர்.

"அந்தாளு எதையாச்சும் தெறந்து பாக்குறானா?"

"இல்லப்பா. நான் எழுதுனதை அப்படியே டைப் அடிக்கிறாரு."

"எங்க சூப்பர்வைசர் ஒர்த்தன் அளக்காமலே கையெழுத்து போட்டுகினு இருந்தான். அளவு தப்புன பீஸ் ஒண்ணை நடுவுல வெச்சேன். அதுக்கும் போட்டான். மொதலாளி கிட்ட மாட்டிக்கினான்."

அடுத்த வாரமே வரதன் கூப்பிட்டார். "ஷோபனா, புக்குக்கு இன்னும் ஒரு சொல் இருந்தா நல்லாருக்கும்மா."

நாற்பத்தொன்றாவது அட்டையை அன்றே எழுதினேன். சொல்லும் வரியும் நான் இட்டுக்கட்டியவை. இடம், ஒரு கையெழுத்துப் பிரதியின் இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள். அந்தப் பிரதிக்கு மொத்தமே நூற்றெண்பது தாள்தான். இணையத்தில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அந்த மனுஷன் தப்பித்திருப்பார். நான் கொஞ்சமும் இரக்கப்படவில்லை.

ஒரு வருடம் கழித்து, பூந்தமல்லியில் கல்லூரி அரங்கில் வெளியீட்டு விழா. முதல் வரிசையில் கல்லூரி முதல்வர். கேள்வி நேரத்தில் எழுந்து, அந்தப் பிரதியைத் திரையில் காட்டச் சொன்னேன். நூற்றெண்பதாம் தாளோடு முடிந்தது.

"சார், இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளை எங்க பார்த்தீங்க?"

வரதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முதல்வர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவரையே பார்த்தார்.

"நான் எழுதுனது இல்ல சார்," என்றார் வரதன் முதல்வரிடம், அவசரமாக. "இந்தப் பொண்ணு குடுத்த அட்டைங்களை நம்பி அப்படியே போட்டுட்டேன்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு வணக்கம் வைத்தேன். மைக் இன்னும் என் கையில் இருந்தது.

"ஆமா சார். மொத்தம் நாற்பத்தொண்ணு குடுத்தேன். அதுல பொய் இது ஒண்ணுதான்."