எதிர் இலை

“இனிமே நீங்க மெட்ராஸ் வர வேண்டியதே இல்லம்மா. ஐயாவுக்கு எல்லாம் நல்லா இருக்கு. மாத்திரைய மட்டும் புதுக்கோட்டையிலயே வாங்கிக்கங்க” என்று டாக்டர் சொன்னபோது அமிர்தவல்லி அழுதுவிட்டாள். டாக்டர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். புருஷன் ஆத்மநாதன் மட்டும் சட்டைப் பொத்தானைப் போடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

ஆனந்தம் இல்லாமல் இல்லை. நெஞ்சைத் திறந்து அடைப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட மனுஷன், வல்லத்திராக்கோட்டைக்கு முழுசாகத் திரும்பி வந்து கடலைக்குக் களை வெட்டுகிறார் என்றால், அவள் கும்பிட்ட சாமியெல்லாம் கண் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அந்த அழுகை அதற்கு வந்ததில்லை. இனி மாடி மெஸ்ஸுக்குப் போக முடியாதே என்று வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பொம்பளைக்கு ஓட்டல் சோறு கேட்கிறதா என்று ஊர் சிரிக்காதா?

ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மகன் சந்தோஷ்குமாருக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. லேசில் லீவு கிடைக்காது. ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் புதுக்கோட்டையில் ரயிலேறிக் காலையில் எழும்பூரில் இறங்குவார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு காபிக்கடை. அங்கே நின்றபடி ஆத்மநாதன் காபியை டபராவுக்கும் டம்ளருக்குமாக ஆற்றி, சூடு பதமாக இருக்கிறதா என்று பார்த்து அவளிடம் நீட்டுவார். வீட்டில் குடித்த டம்ளரை நகர்த்திக்கூட வைக்காத கை அது. முதல் தடவை வாங்கும்போது அமிர்தவல்லி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மெட்ராஸ் எவ்வளவு நல்ல ஊர் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி முடிந்ததும் மெஸ். ஒரு சந்துக்குள், செங்குத்தான படியேறிப் போனால் மாடியில் நீளமான அறை. முதல் நாள் இருவரும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். பரிமாறுகிற சார்லஸ் வந்து, “இது சின்ன டேபிளுங்க. ஆளுக்கொரு பக்கம் உக்காந்தாத்தான் எலை கொள்ளும்” என்று அவரை எழுப்பி எதிரில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அமிர்தவல்லிக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வீட்டில் அவர் கூடத்தில் டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள். பேச்சுக் கிடையாது. குழம்புக்கு விரலைக் காட்டுவார், போதும் என்றால் கையால் மறித்துக்கொள்வார். அவர் எழுந்துபோன பிறகு அவளும் மருமகள் கலைமதியும் அடுப்படியில் சாப்பிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடும்போது அவருடைய உச்சந்தலையைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். முகத்தைப் பார்த்ததில்லை.

மெஸ்ஸில் பார்த்தாள். ரசம் உறைத்தால் புருவத்தைத் தூக்குகிறார். அப்பளத்தைச் சின்னப் பிள்ளை மாதிரி கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறார். அவரும் அவளைப் பார்த்தார். “என்ன, கத்தரிக்காய ஓரங்கட்டுற? ஒனக்குப் பிடிக்காதா?” என்றார். பிடிக்காதுதான். ஆனால் ஒருவரும் கேட்டதில்லை. வாழைப்பூ வடை வந்ததும் தன்னுடையதை எடுத்து அவள் இலையில் வைத்துவிட்டு, “சாப்புடு வல்லி” என்றார். வீட்டில் அவளுக்குப் பெயரே கிடையாது. “இந்தா”தான்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தக் காபி, அந்த மெஸ், சாயங்காலம் கடற்கரையில் ஒரு பொட்டலம் சுண்டல். எதிரெதிரே உட்கார்ந்துதான் கடலைக் கொல்லையில் கிணறு வெட்டுவதைப் பேசினார்கள். செத்துப்போன மூத்த பிள்ளையைப் பற்றியும் முதல் தடவையாகப் பேசியது அங்கேதான். ரயில் புதுக்கோட்டையில் நின்றதும் அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார். அவள் பின்னால் வருவாள். மறுபடியும் அவள் “இந்தா” ஆகிவிடுவாள்.

இப்போது அதற்கும் வழியில்லை.

கலைமதி ஒருநாள், “அத்தை, நீங்களும் மாமாகூடவே உக்காந்து சாப்புடுங்களேன், நான் போடுறேன்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அமிர்தவல்லி, “போடி அங்கிட்டு, வேற வேலை இல்ல” என்று சிரித்து மழுப்பினாள். கூடத்தில் ஆத்மநாதன் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். வெட்கத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

இன்னொரு நாள் மெனக்கெட்டு வாழைப்பூவை ஆய்ந்து, வடை சுட்டுத் தட்டில் வைத்தாள். பிட்டு வாயில் போட்டவர் கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். அப்புறம் டி.வி.யைப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரியே அவளுக்கு முட்டிவலி வந்துவிட்டது.

வந்துவிட்டது என்றால், வரவழைத்துக்கொண்டாள். எழுந்தால் “அம்மா”, உட்கார்ந்தால் “அப்பா” என்று ஒரு வாரம் நன்றாகவே நடித்தாள். புதுக்கோட்டையில் காட்டலாம் என்று மகன் சொன்னால், “அந்த மெட்ராஸ் ஆசுபத்திரியிலதான் எனக்கு நம்பிக்கை. ஒங்க அப்பா கூட்டிக்கிட்டுப் போகட்டும்” என்றாள்.

சந்தோஷ்குமார் நல்ல பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று. “அப்பாவுக்கு இத்தனை தடவை நீதான் அலைஞ்ச. ஒனக்கு நான் வரக்கூடாதா? லீவு சொல்லிட்டேம்மா” என்று அவனே டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மாடு வேறு கன்று போடுகிற நிலையில் இருந்தது. “அப்பா மாட்டைப் பாத்துக்கட்டும்” என்று முடித்துவிட்டான். அமிர்தவல்லி புருஷனைப் பார்த்தாள். அவர் மாட்டைப் பார்த்தார். வலி போய்விட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தாள். டிக்கெட் எடுத்த பிறகு வலி போனால் மகன் என்ன நினைப்பான்?

போனாள். காபிக்கடையில் மகன் காகிதக் கப்பில் வாங்கிக் கொடுத்தான். வாய் சுட்டது. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த டாக்டர், “முட்டி நல்லா இருக்கும்மா. ஒண்ணும் பயப்படாதீங்க” என்றார். மகன் சந்தோஷப்பட்டான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இவன் ஒருநாள் வேலையை நான் கெடுத்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும், ஏ.சி. ஓட்டலுக்குப் போகலாம் என்று அவன் சொன்னபோது, “அந்த மாடி மெஸ்ஸுக்குப் போவோம்ப்பா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செங்குத்தான அந்தப் படிகளில் அம்மா கைப்பிடி பிடிக்காமல் ஏறியதை, போனில் மூழ்கியிருந்த மகன் கவனிக்கவில்லை.

“வாங்கம்மா! ஐயா வரலையா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று சார்லஸ் பதறினார்.

“நல்லா இருக்காரு. மாடு சினையா இருக்கு, அதான்” என்றாள்.

மகன் அவள் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்தான். எதிர்ப் பக்கம் காலியாகக் கிடந்தது. இலை போட்டு, பருப்பு விழுந்து, அவள் பிசைய ஆரம்பித்தபோது, பையோடு ஒரு ஆள் வந்து எதிர் இருக்கையைத் தொட்டு, “இங்க யாரும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

“ஆளு வருது” என்றாள் அமிர்தவல்லி.

அவர் வேறு மேசைக்குப் போனார். சந்தோஷ்குமார் போனிலிருந்து தலையைத் தூக்கி, “யாரும்மா வரா?” என்றான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கூட்ட நேரம், ஆட்கள் இடம் தேடி நின்றார்கள். சார்லஸ் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓர் இலையை எடுத்து வந்து எதிரில் போட்டு, தண்ணீர் தெளித்து, அதில் ஒரு வாழைப்பூ வடையை வைத்துவிட்டுப் போனார். மகனை எழுப்பி எதிரில் உட்காரவைக்கவும் இல்லை, கடைசிவரை வேறு ஆளை அங்கே உட்காரவிடவும் இல்லை. அந்த வடையை அவள் எடுக்கவும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மாடு கன்று போட்டிருந்தது. கிடாரிக் கன்று. கலைமதி மதியச் சமையலை முடித்துவிட்டுக் கன்றுக்குட்டியிடம் போய்விட்டாள். மகன் வங்கிக்குப் போய்விட்டான். ஆத்மநாதன் கூடத்தில் உட்கார்ந்தார். டி.வி. போடவில்லை. அவள் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

“மெஸ்ஸுக்குப் போனீங்களா?” என்றார் தட்டைப் பார்த்தபடி.

“போனோம்.”

“சார்லஸ் இருந்தாரா?”

“ஒங்களத்தான் கேட்டாரு. ஒங்களுக்கும் எலை போட்டாரு.”

அவர் கை சோற்றிலேயே நின்றது. “எனக்கும் ரெண்டு நாளா நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரியாத்தான் இருக்கு. மெட்ராஸ் போயி ஒருவாட்டி காட்டிட்டு வந்தா தேவல” என்றார்.

அவளுக்குக் கரண்டி நழுவிவிட்டது. சட்டென்று அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். “ஐயோ, எங்கிட்டு வலிக்குது? எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்” என்றார். சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கினார். ரசம் உறைத்த மாதிரி புருவம் தூக்கியிருந்தது. “ஒன் முட்டி நல்லா மடங்குதே வல்லி” என்றார்.

அமிர்தவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பயத்தில் அவள் நெஞ்சுதான் அடித்துக்கொண்டிருந்தது.

“நெஞ்ச வச்சு மட்டும் பொய் சொல்லாதீங்க. என்னால தாங்க முடியாது” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “என் முட்டியே இருக்கட்டும். தொணைக்கு நீங்க வாங்க.”