அடுத்த ஆண்டுப் பாலம்

நகரசபை நடைமேம்பாலத்துக்கு ஒப்புதல் கொடுத்த மறுநாள் காலையில் பாலத்தின் நிழல் வந்து விழுந்தது. பாலம் வரவில்லை. தூண் நடவில்லை, குழி தோண்டவில்லை, ஒரு லாரி ஜல்லிகூட வந்து இறங்கவில்லை. நிழல் மட்டும், பெரிய சாலையோரம் இருந்த சலவைக்கடையின் முற்றத்தில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளின் மேல், கைப்பிடிக் கம்பிகளோடு துல்லியமாக விழுந்து கிடந்தது. சலவைக்கடைக்காரி அதைப் பார்த்தாள். விரிப்புகளை வெயில் இருந்த பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள். உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

ஊர் அப்போது கண்டபடி வளர்ந்துகொண்டிருந்தது. ஆண்டு முடிவில் நகரசபை கூடி, வரும் ஆண்டில் என்னென்ன செய்யப்போகிறது என்று வாசிக்கும். வாசித்த மறுநாளே அதில் சிலது அவசரப்பட்டு முன்னால் வந்துவிடும். நீரூற்றோடு கூடிய பூங்கா என்று அறிவித்தபோது, அதற்கு ஒதுக்கிய பொட்டலைக் கடந்து போனவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து வீடு திரும்பினார்கள். மேல்நிலைத் தொட்டி என்று அறிவித்த தெருவில், இல்லாத தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மாதக்கணக்கில் கேட்டது. அங்கே இருந்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, பருப்பு விலை ஏறினால் அலுத்துக்கொள்வதுபோல அலுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து நிஜமான பொருள் வந்து நின்றதும் முன்னால் வந்தது போய்விடும். அதுதான் வழக்கம். பூங்காவைக் கட்டி முடித்த பிறகு அந்தப் பக்கம் போன யாரும் நனையவில்லை. நீரூற்றும் பெரிய மனிதர்கள் வந்தால் மட்டுமே ஓடியது.

பாலம் திட்டத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அவள் புருஷன். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடித் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஒரு நாள் காலையில் சாப்பாட்டுப் பையோடு சாலையைக் கடந்தவன் பாதியில் ஒரு வேன் அடித்துப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே அவன் அக்கா ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, அந்த வீட்டோடு தங்கிவிட்டாள். நாத்தனார் அழுகைக்குக் குறை வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே அழுதாள், மூக்கைச் சிந்திவிட்டுத் தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினாள். "என் தம்பியோட போகட்டும், இன்னொருத்தன் சாக வேண்டாம்" என்று நகரசபை வாசலில் கத்தினாள். சலவைக்கடைக்காரி காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. ஒரே பக்கமாகப் படுத்து மரத்துப்போன கையைப்போல அவள் முழுதாக மரத்துப்போயிருந்தாள். தட்டு வைத்தால் சாப்பிட்டாள். கேட்டால் "ம்" என்றாள். சட்டைக் காலரை மட்டும் முன்னைப்போலவே மடிப்பு விழாமல் தேய்த்தாள்.

நிழல் பாலம் சில வாரம் வெறுமனே கிடந்தது. பிறகு ஒரு காலையில் அதன்மேல் ஓர் ஆள் நடந்து போனான். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டு, சாப்பாட்டுப் பையை முழங்கையில் மாட்டி, அது தொடையில் இடிக்க இடிக்க நடந்தான். சலவைக்கடைக்காரி நனைந்த தலையணை உறையோடு நின்று பார்த்தாள். அப்படி நடக்காதே, பை கிழிந்துவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி வந்த நடை அது. நாத்தனார் சமையலறையிலிருந்து ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, நிழல் போன இடத்தைக் கையால் தடவினாள்.

"ஏம்மா, உன் புருஷன்மா! நீ பாட்டுக்கு மரம் மாதிரி நிக்கிறியே!"

"பார்த்தேன் அண்ணி."

"பார்த்தியா? அவ்வளவுதானா?"

"எழுந்திரிங்க. தரை ஈரம்."

மாலையில் சூரியன் மேற்கே சாய்ந்ததும் நிழல் சாலையைத் தாண்டி எதிர்வரிசைக்குப் போய்விடும். அங்கே அது பஞ்சர் கடைச் சுவரில் விழுந்தது. பஞ்சர் கடைக்காரரை ஊரில் எல்லாரும் காத்து என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிள் காலத்திலிருந்து காற்றடித்துக்கொண்டிருந்தவர். அன்று மாலை அவர் டயரைப் போட்டுவிட்டுச் சாலையோரம் வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். "தங்கச்சி! வந்துட்டாரு!" புருஷன் வேலைக்குப் போவது அவள் முற்றத்திலும், திரும்பி வருவது காத்துவின் சுவரிலும் தெரிந்தது. அன்றிலிருந்து காலையில் போவதை அவள் பார்ப்பாள், மாலையில் வந்ததை அவர் சொல்வார். விடுமுறை நாளில் அவன் வரமாட்டான். தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்த நாட்களிலும் வரவில்லை. ஊர் இதை ஒரு மாதம் பேசியது. அப்புறம் பேருந்துக் கட்டணம் உயர்ந்தது, அதைப் பேச ஆரம்பித்தது.

அடுத்த ஆண்டு வந்தது. பாலத்தை நகரசபை அதற்கும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளியது. தள்ளிக்கொண்டே போனது. நிழல்தான் வந்துவிட்டதே, பாதி வேலை முடிந்த மாதிரி என்று உறுப்பினர் ஒருவர் பேச, மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். இடையில் ஊருக்குப் புதிய பேருந்து நிலையம் வந்தது, பாதாளச் சாக்கடை வந்தது, சாலை இரண்டு மடங்கு அகலமானது, வண்டிகள் நான்கு மடங்கு ஆயின. ஒரு தடவை நாத்தனார் மறுபடி கையெழுத்து வாங்கக் கிளம்பியபோது சலவைக்கடைக்காரி அவள் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். "இருக்கட்டும் அண்ணி" என்றாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாலத்தைக் கட்டினால் நிழலுக்கு என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை அவர்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

வண்டிச் சத்தம் கூடக் கூடக் காத்துவின் குரல் எட்டவில்லை. அவர் கைகாட்டிப் பார்த்தார், பழைய டயர் வளையத்தைத் தட்டிப் பார்த்தார், எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் மாலைதோறும் சாலையைக் கடந்தே வர ஆரம்பித்தார். கடை வாசலில் நின்று "வந்துட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். அப்படிக் கடந்துகொண்டிருந்த ஒரு மாலையில்தான் தண்ணீர் லாரி ஒன்று அவரைத் தூக்கி அடித்தது. உயிர் போகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது.

அவள் மருத்துவமனைக்குப் போனாள். காத்து கட்டிலில் காற்றுப்போன டியூபைப்போலக் கிடந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கும் வந்துட்டாரு. கொஞ்சம் லேட்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பேசாதீங்கண்ணே."

"நீ காத்துக்கிட்டு இருப்பியேன்னு..."

அவள் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அவருடைய போர்வை கசங்கியிருந்தது, அதை இழுத்துச் சரிசெய்தாள். வெளியே வந்து நேராக நகரசபைக்கு நடந்தாள்.

அன்றைக்கு அங்கே வரும் ஆண்டின் திட்டங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றின. நகரசபைப் பொறியாளர் வாசித்துக்கொண்டே போனார். சந்தைக்குக் கூரை, குப்பை பிரிக்கும் நிலையம், விளையாட்டுத் திடலுக்கு விளக்கு. நடைமேம்பாலம் வந்ததும் வழக்கம்போலத் தலைவர், "அது அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். பார்வையாளர் வரிசையில் அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் யாரும் அப்படி எழுந்திருக்கக் கூடாது. ஆனாலும் அவளை எல்லாருக்கும் தெரியும், அவர்கள் போட்டிருந்த சட்டைகளில் பாதி அவள் தேய்த்தது.

"கட்டிடுங்க" என்றாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுத்தான் சொல்றியாம்மா? கட்டினா அப்புறம்..."

"தெரியும். கட்டிடுங்க."

இந்தத் தடவை கட்டினார்கள். எங்கே தூண் நடுவது என்று அளக்க வேண்டிய வேலை மிச்சமானது, நிழலின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்தே குழி தோண்டினார்கள். வேலை நடந்த மாதங்களில் அவன் தினமும் போய்வந்தான். தொழிலாளிகள் சாந்துச் சட்டியை இறக்கிவைத்து அவன் போகும்வரை நின்றார்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் சலவைக்கடைக்காரி கொடியில் ஒரு துணியும் போடவில்லை. அவன் வந்தான், பை தொடையில் இடிக்க நடந்தான், சாலைப் பக்கமாகப் போய் மறைந்தான். நாத்தனார் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் நாடா வெட்டினார்கள், ஊரே ஏறி இறங்கியது. முற்றம் முழுக்க யார் யாருடைய தலைகளோ ஓடின. அவன் இல்லை. அவள் அன்றைக்கு வந்த துணிகளை அன்றைக்கே தேய்த்துக் கொடுத்தாள். அந்தச் சாலையில் அதன்பிறகு யாரும் அடிபடவில்லை.

அந்த ஆண்டு முடிவில் நகரசபை கூடியபோது பொறியாளர் வழக்கம்போல வாசித்தார். மழைநீர் வடிகால், நூலகத்துக்கு இன்னொரு மாடி. பிறகு அதே குரலில், "பெரிய சாலையில் நடைமேம்பாலம், இரண்டாவது" என்றார். ஒரு புதிய உறுப்பினர் நிமிர்ந்தார். "இப்பத்தானே சார் ஒண்ணு கட்டினோம்? பக்கத்துலயே எதுக்கு இன்னொண்ணு?" பொறியாளர் பக்கத்தைப் புரட்டினார். "கட்டப்போறது இல்லைங்க. அடுத்த வருஷம் கட்டலாம்னு வைக்கிறோம்." தலைவர் தொண்டையைச் செருமினார். புதிய உறுப்பினரின் காதில் பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொன்னார். பிறகு எல்லாரும் கை தூக்கினார்கள், புதியவரும் தூக்கினார். மறுநாள் காலையில் முற்றத்தில் இரண்டு நிழல்கள் கிடந்தன. ஒன்றில் ஊரே நெருக்கியடித்து வேலைக்குப் போனது. மற்றொன்றில் கை இரண்டையும் பைக்குள் விட்ட ஓர் ஆள் மட்டும் தாராளமாக நடந்து போனான்.

"அண்ணி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். நாத்தனார் வந்து பார்த்தாள். இந்தத் தடவை அழவில்லை, இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.

ஆண்டுகள் போயின. நகரசபை இரண்டாவது பாலத்தை ஆண்டுதோறும் வரும் ஆண்டுக்குத் தள்ளியது. கட்சிகள் மாறின, தலைவர்கள் மாறினார்கள், அந்த ஒன்றில் மட்டும் யாரும் தகராறு செய்யவில்லை. பொறியாளர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வேறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். திட்டங்களை வாசித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். சொன்னார்கள். ஒரு காலையில் அவளே சலவைக்கடை முற்றத்துக்கு வந்து நின்றாள். அவன் போவதைக் கடைசிவரை பார்த்தாள்.

"எத்தனை வருஷமா இப்படி நடந்துட்டு இருக்காரு?" என்று கேட்டாள்.

"அது ஆச்சும்மா" என்றாள் சலவைக்கடைக்காரி. அவளுக்குத் தலை நரைத்திருந்தது.

பொறியாளர்ப் பெண் அலுவலகத்துக்குத் திரும்பிப் போனாள். அந்த ஆண்டுக் கூட்டத்தில் இரண்டாவது பாலத்தை வாசித்தபோது, அதன் நடுவில் பாதசாரிகள் உட்கார ஒரு பெஞ்சு என்றும் சேர்த்து வாசித்தாள். அதற்கும் கை தூக்கினார்கள். மறுநாள் காலையில் அவன் நடுப்பாலம் வரைக்கும் வந்து நின்றான். கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தான். முழங்கையிலிருந்த பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான். சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். வேலைக்கு நேரமாகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.