சுனைக்கு இரண்டு பிலிம்

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த அக்காவின் கண்ணுக்குத் தம்பி தலைகீழாகத்தான் வந்து சேர்ந்தான். பெரிய பெட்டிக் கேமராவின் கண்ணாடியில் எல்லாமே அப்படித்தான் விழும். மேலே சுனை, கீழே வானம், நடுவில் காலைத் தூக்கிக்கொண்டு மலையேறும் கூடப்பிறந்தவன். அவனுக்கு அந்தக் கோலம் பொருத்தமாகவே இருந்தது.

"எங்கப்பன் மலையில உனக்கு என்ன வேலை?"

"எனக்கும் அவர்தான்டா அப்பா."

"வாயைப் பாரு! பையைக் குடு."

இங்கே சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்று எழுதிக் கொடுத்து, மலையை உடைக்க அனுமதி கேட்டிருந்தான் அவன். தண்ணீர் இருந்தால் அனுமதி கிடையாது. அடிவாரத்து வீடுகள் அத்தனையும் குடிப்பது இந்தச் சுனையைத்தான். போனில் எடுத்த படத்தை அனுமதி தரும் அலுவலகத்தில் அவள் காட்டியபோது, "இதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்ணிடலாம்மா, பிலிம் இருந்தா கொண்டாங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். சுனையை மூட மண் வண்டி கீழே வந்து நின்றாயிற்று. இன்று எடுத்ததுதான் படம்.

தம்பி பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். இரண்டு பிலிம் பெட்டிகள் பாறையில் விழுந்தன. மூன்று வருஷம் அவளுக்குக் கேமரா முக்காலி சுமந்தவன், தொழில் தெரியாதவனா? பெட்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு பிலிம், அதை மூட ஒரு தகடு. தகட்டின் விளிம்பில் வெள்ளை தெரிந்தால் புதுசு. படம் எடுத்ததும் திருப்பிச் செருகுவார்கள், கறுப்பு தெரியும்.

அவன் கறுப்பு தெரிந்த பெட்டியை எடுத்தான். தகடுகளை உருவி வீசிவிட்டு, பிலிமை வெயிலுக்கு நன்றாகக் காட்டினான்.

"போச்சா உன் சுனை?"

அவள் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். பாதி நடிப்பு, பாதி நிஜமான பயம். இவன் வருவான் என்று தெரிந்தே, புதுப் பெட்டியின் தகடுகளை வீட்டு இருட்டறையிலேயே கறுப்பு தெரியும்படி மாற்றியிருந்தாள். அவன் வருமுன்பே எடுத்து முடித்த சுனை இருந்ததோ வெள்ளை தெரிந்த பெட்டியில். அவன் இப்போது அதையும் கையில் எடுத்தான்.

"அது புதுசுடா. அதையாவது விட்டு வை."

தகட்டை விரலால் நெம்பியவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அழுகிறவளிடம் எப்போதுமே அவனுக்குத் தாராளம் வந்துவிடும்.

"வச்சுக்கோ. சாயங்காலம் வந்து மண்மேட்டைப் படம் எடு."

சொல்லிவிட்டு, கேமரா மேலிருந்த கறுப்புத் துணியை உருவினான். பிலிம் பெட்டியை அதில் வைத்து, நாலு மூலையையும் உள்ளே மடித்து, வெயில் நுழையாதபடி இறுக்கிச் சுற்றினான். அவள் திட்டித் திட்டிப் பழக்கிய கை, தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"வெறுமனே வெயில்ல வைக்காத. வெளிச்சம் பட்டு பிலிம் புகைஞ்சு போயிடும்."

அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. அடுத்த கணமே தன்மேல் ஆத்திரமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் நீட்டிய சுனையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சரிடா" என்றாள்.