லிட்டருக்கு மூன்று பென்ஸ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத ஆரம்பித்தேன், ஊர்ச் செய்தி மடலுக்காக. எங்கள் சாலையில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து மண்ணெண்ணெய் வாங்குகிறோம். எங்கள் ஃபெர்மானா மாவட்டக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஓட அதுதான் வேண்டும். தனித்தனியாக வாங்கினால் விலை கூட. ஒரே லாரியில் வரவழைத்தால் குறையும். மூன்று கம்பெனிகளிடம் பேரம் பேசி, எப்போது வாங்கலாம் என்று சொல்கிறவன் நான். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

முதல் வரி இப்படி இருந்தது:

டெஸ்மண்ட் கௌடியைப் போல ஒரு கஞ்சனை இந்த மாவட்டம்—

(இந்த வரியை அடித்துவிடவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

2

டெஸ்மண்ட் என்கிற டெஸி என் பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தொன்பது வயது, தனி ஆள். ஜனவரியில் விலை ஏறிக் கிடந்தது. "பத்து நாள் பொறுங்க, இறங்கும்" என்று எல்லோருக்கும் சொன்னேன். மற்றவர்களிடம் இருப்பு இருந்தது. டெஸி டேங்குக்குள் துடைப்பக் கட்டையை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும் நனைந்தது.

"பெட்ரோல் பங்குல இருபது லிட்டர் கேன் விக்கிறான். ஒண்ணு வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டேன்.

"அந்த விலைக்கா? பகல் கொள்ளைய்யா அது. இறங்கும்னு நீதான சொன்ன? மால்கி சொன்னா நடக்கும்."

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம். அவர் நிஜமாகவே கஞ்சனா? அப்படி வைத்துக்கொண்டால் எழுதுவது சுலபம், பழியும் அவர் தலையோடு போய்விடும். அவருடைய ஓய்வூதியம் எவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

3

ஏழாம் நாள் போன் வந்தது. நான் இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இறங்குச்சாய்யா?"

"இன்னும் ரெண்டு மூணு நாள், டெஸி. எப்படி இருக்கீங்க?"

"ராஜா கணக்கா இருக்கேன். ஓவர்கோட்டோட படுக்கை, தொப்பி வேற. சவப்பெட்டில வெக்க வர்றவனுக்கு உடுத்திவிடுற வேலை மிச்சம்."

சிரித்தேன். அருமையான வசனம் என்று அப்படியே கதையில் சேர்த்துக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை. நாற்பது அடி தூரம். வெளியே குளிராக இருந்ததால் நான்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

4

விலை லிட்டருக்கு மூன்று பென்ஸ் இறங்கியது. வியாழக்கிழமை லாரி வந்தது. டெஸி கதவைத் திறக்கவில்லை. ஓட்டுநர் வழக்கம்போல் கொல்லைப்பக்கம் போய் முந்நூறு லிட்டரை நிரப்பி, ரசீதைக் கதவின் தபால் துளையில் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நான் உள்ளே போனபோது ரசீது மிதியடிமேல் கிடந்தது. டெஸி படுக்கையில் இருந்தார், ஓவர்கோட்டோடு. மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அவருக்கு நான் மிச்சம் பிடித்துக்கொடுத்தது ஒன்பது பவுண்டு.

5

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் லாரி திங்களன்றே வந்துவிடுகிறது. இன்னொன்றில் நான் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, டீ போட்டுத் தருகிறார். இரண்டுமே நன்றாக வந்திருக்கின்றன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது இது. அடக்கம் முடிந்த மறுநாள், கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த அவர் மகள் ஹேசல் என்னைச் சமையலறையில் உட்காரவைத்தாள். பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. வீடு அவ்வளவு கதகதப்பு. நான் கோட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"டேங்க் நெறைய எண்ணெய் கெடக்கு, மால்கி அண்ணே. நான் வீட்டை விக்கத்தான் போறேன். பம்பு வெச்சு நீங்களே எடுத்துக்குங்க."

"வேண்டாம்மா."

"அட, எடுத்துக்குங்க. உங்களைப் பத்தி அப்பா எவ்வளவு பெருமையா பேசுவாரு தெரியுமா? பக்கத்துல மால்கி இருக்கறப்ப எனக்கென்ன கவலைம்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் மனசே ஆறல. குளிருதுன்னு ஒரு வார்த்தை, யாருக்காவது ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

அவர் போன் செய்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும்.

பதினைந்து நாளாக இதற்கடுத்த வரியை எழுதிப் பார்க்கிறேன், என்னால் ஆகவில்லை. ஹேசல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள் அவளிடம்.

"ஹேசல், உங்க அப்பா