ஒன்பதேகாலும் பத்தே முக்காலும்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று செண்பகராஜ் தன் கைபேசியின் காலண்டரில் குறித்து, அந்தக் குறிப்பை அப்படியே கயத்தாறில் பெண் வீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பியது திங்கட்கிழமை. புதன்கிழமைக்குள் சம்பந்தம் முறியும் நிலைக்கு வந்துவிட்டது.

வாயால் சொன்னால் போதும் என்றுதான் அவன் அப்பா காசிராஜன் சொன்னார். லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவருக்கு வேறு என்ன தெரியும்? செண்பகராஜ் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார். பெண்ணின் அப்பா கோபாலசாமியோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் இதே மாடல் கைபேசி இருந்தது. அனுப்பினால் அவருடைய காலண்டரில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்; நேரம் வந்ததும் மணி அடிக்கும். வரப்போகிற மருமகனைப் பற்றி நல்லெண்ணம் உண்டாக இதைவிட என்ன வேண்டும்?

நல்லெண்ணம் அன்று சாயங்காலமே கோபாலசாமியின் குரலில் காசிராஜனின் போனுக்கு வந்து சேர்ந்தது.

“என்ன அண்ணாச்சி, பொண்ணு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரலாம்லா? வெள்ளிக்கிழம பத்தே முக்காலுக்கு வாரோம்னு எழுதி விட்டிருக்கீய. பத்தரைல இருந்து பன்னெண்டு ராகு காலம். பச்சப் பிள்ளைக்குத் தெரியும்.”

“ஒம்பதேகால்தான அண்ணாச்சி சொன்னோம்.”

“சொன்னது ஒம்பதேகால். எழுதுனது பத்தே முக்கால். நான் எத எடுத்துக்கிட?”

அவரால் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சிக்கல். நேரம் குறிப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு; குறித்ததைத் திருத்தும் உரிமை பெண் வீட்டாருக்குக் கிடையாது என்பது இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வழக்கம். ராகு காலத்தில் வரச்சொல்லி வெற்றிலை பாக்கு எடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவருக்கு நடுவழி இல்லை.

செண்பகராஜ் தன் கைபேசியைத் திறந்து பார்த்தான். ஒன்பதேகால். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தான். ஒன்பதேகால். இரண்டு தடவை பார்த்ததைத் தைரியமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் அனுப்பினான்.

பத்து நிமிஷத்தில் கோபாலசாமியின் மகள் ராதாமணியிடமிருந்து எஸ்எம்எஸ் வந்தது. கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே வகுப்பு. வீட்டில் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்க அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ‘மறுபடியும் 10.45. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். நீ விளையாடுகிறாயா?’

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் அந்தக் கைபேசியோடு மல்லுக்கட்டினான். பேட்டரியைக் கழற்றி, ஊதி, மாட்டினான். குறிப்பை அழித்துப் புதிதாக எழுதினான். சிம் கார்டைச் சட்டையில் துடைத்துப் போட்டான். சென்டரில் கூட வேலை பார்க்கும் யோகராஜின் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்தான். அங்கும் பத்தே முக்கால்.

“வைரஸ்டே” என்றான் யோகராஜ்.

“காலண்டர்ல எங்கடா வைரஸ் வரும்?”

“அப்போ செய்வினை.”

எம்.சி.ஏ. படித்த இருவர் ஒரு கோளாறை ஆராய்ந்தால் வேறு என்ன முடிவு கிடைக்கும்? புதன்கிழமை காலை மூன்றாவது தடவையாகவும் அனுப்பினான். போனதும் அதே பத்தே முக்கால். இந்தமுறை கோபாலசாமி கோபப்படவே இல்லை. அதுதான் காசிராஜனுக்குப் பயமாக இருந்தது.

“மூணு மட்டம் அதே ராகு காலம் தானா வந்து நிக்கி அண்ணாச்சி. மனுசன் பிழை ஒருக்க நடக்கும். இது சகுனம். வீட்டுல எல்லாத்துக்கும் காட்டிட்டேன். நாளைக்கு நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிருதேன்.”

வியாழக்கிழமை மத்தியானம் கோபாலசாமி கயத்தாறிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார். கொடுத்த மோரைக் குடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் செண்பகராஜ் தன்னுடையதை வைத்தான். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. இரண்டிலும் மணி இரண்டு பத்து. வெள்ளிக்கிழமைக் குறிப்பில் மட்டும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்.

ஒன்றரை மணி நேரம். அந்த அளவு அவன் மண்டையில் எங்கேயோ உரசியது. அக்காவீட்டு மச்சான் துபாயிலிருந்து வந்தபோது கொடுத்த கைபேசி இது. வாங்கிய அன்று ஒன்றரை மணி நேரம் பின்னால் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் முள்ளைத் தள்ளுவதுபோல மணியை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று விட்டுவிட்டான். ஊரை மாற்றவில்லை. கைபேசியின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தான். ‘ஊர்: துபாய்’ என்று அது எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, இவன்தான் கேட்கவில்லை. அவன் எழுதிய ஒன்பதேகாலை அது துபாய் ஒன்பதேகாலாக எடுத்துக்கொண்டு, கயத்தாறுக்குப் போனதும் நியாயமாகப் பத்தே முக்கால் ஆக்கியிருக்கிறது.

“கம்பெனிக்காரன் கோளாறா இருக்கும், அண்ணாச்சி” என்று காசிராஜன் மகனுக்கு ஒரு வழி திறந்துவிட்டார். “மிஷின்தான?”

அந்த வழியில் தப்பித்துப் போயிருக்கலாம். ஆனால் மிஷின் தானாகச் செய்தது என்று சொல்லிவிட்டால் சகுனம் உறுதியாகிவிடும். ராதாமணி கயத்தாறிலேயே இருந்துவிடுவாள். யாரோ ஒருவர் முட்டாளாக வேண்டியிருந்தது. அறையில் அதற்குத் தகுதியான ஆள் ஒருவன்தான்.

“மிஷின் சரியாத்தான் இருக்கு மாமா” என்றான் செண்பகராஜ். “தப்பு என் பேர்ல. துபாய்ல இருந்து வந்த போனு. மணிய மட்டும் மாத்துனேன், ஊர மாத்தல.”

“எத்தன நாளா?”

“எட்டு மாசம்.”

“நீதான பிள்ளையளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்க?”

“ஆமா மாமா.”

“பீஸ் வாங்கிட்டா?”

காசிராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செண்பகராஜ் ஊரைப் புதுடெல்லி என்று மாற்றினான். மணி ஒன்றரை மணி நேரம் முன்னால் குதித்தது. அதைப் பின்னால் இழுத்துச் சரியாக்கினான். காலண்டரைத் திறந்தான். அவன் கைபேசியிலும் இப்போது வெள்ளிக்கிழமை, பத்தே முக்கால். நான்கு நாளில் முதல் தடவையாக இரண்டு கைபேசியும் ஒத்துப்போயின, தப்பான நேரத்தில். அதை அழித்துவிட்டு ஒன்பதேகால் என்று எழுதி அனுப்பினான். மேசையில் கோபாலசாமியின் கைபேசி அதிர்ந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“ஒம்பதேகால்” என்றார். மோர்த் தம்ளரை எடுத்தார். “தானா வந்திருந்தா சகுனம். ஆளு பண்ணுனா வெறும் தப்பு. தப்புன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அண்ணாச்சி, எங்க சனம் அத்தன பேருக்கும் ராகு காலத்தக் காட்டிட்டேன். நாளைக்கு வந்ததும் தம்பி எந்திரிச்சு நின்னு, இப்பச் சொன்னத அவிய முன்னாடி அப்படியே சொல்லிரணும். இல்லன்னா ஒருத்தரும் வெத்தல பாக்குல கை வைக்க மாட்டாவ.”

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு அவர்கள் கயத்தாறு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். கூடத்தில் பதினேழு பேர். பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். செண்பகராஜ் எழுந்து நின்றான். துபாய்க்கும் கயத்தாறுக்கும் சூரியன் ஒரே நேரத்தில் உதிப்பதில்லை என்பதில் தொடங்கினான். உலகம் உருண்டை என்ற இடத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கடைசியில், தான் ஒரு பொறுப்பில்லாதவன் என்று முடித்தபோது எல்லோருமே தலையாட்டினார்கள்.

ராதாமணியின் அத்தை வெயிலுகந்தம்மாள் மட்டும் திருப்திப்படவில்லை.

“அதெல்லாம் சரி மாப்ள. இப்ப மணி என்ன?”

உள்ளே அடுப்படியில் ராதாமணி சிரித்தது கூடம்வரை கேட்டது.

செண்பகராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “ஒம்பது நாப்பது” என்றான்.

பதினேழு பேரில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் மணிக்கட்டைத் திருப்பிச் சரிபார்த்தார்கள். அதன் பிறகுதான் காப்பி வந்தது.