தோற்க முடியாத விளையாட்டு

றெனால்ட் றோல்ஸைக் கடித்துக்கொண்டே மடிக்கணினியை நிறஞ்சலாவின் பக்கம் திருப்பினான். விசைகளில் அவனுடைய விரல் எண்ணெய் பளபளத்தது.

"இப்ப விளையாடும் பாப்பம்."

உப்புக்குளத்தில் அவன் நடத்தும் கணினி வகுப்பு சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகள் போய்விட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுப் பூசையில் அவர்கள் இருவர் பெயரையும் சுவாமியார் மூன்றாம் முறை வாசித்தால் கல்யாண ஓலை என்ற திருச்சபை அறிவித்தல் நிறைவாகும். முதல் இரண்டு ஞாயிறும் தடை சொல்ல யாரும் எழும்பவில்லை. மகளுக்கு முப்பத்துநாலு வயதில் கைகூடிய சம்பந்தம் என்று நிறஞ்சலாவின் அம்மா பெற்றிசியா தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு வள்ளம் அசைந்தது. அவ்வளவுதான், நிறஞ்சலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் பஸ்ரியன் செய்த விளையாட்டு!

எண்பதுகளின் கடைசியில் குவைத்தில் இருந்து வந்த மாமா, டிவியில் பொருத்தும் வீட்டுக் கணினி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பஸ்ரியன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதன் முன்னாலேயே கிடப்பான். பிறகு தானே ஒரு விளையாட்டை எழுதி ஃபுளொப்பி டிஸ்க்கில் ஏற்றினான். வள்ளம் போகும், நண்டுகள் வந்து வலையைக் கடிக்கும். எத்தனை கடித்தாலும் முடிவில் 'நிறா வென்றாள்' என்றே எழுத்து வரும். தோற்றால் தங்கச்சி குழறி அழுவாள் என்பதற்காக அவளைத் தோற்கவே விடாத விளையாட்டாக அதைச் செய்திருந்தான்.

தொண்ணூறில் போருக்குத் தப்பி எல்லோரும் கடல் கடந்து மண்டபத்துக்கு வள்ளம் ஏறினார்கள். "உப்புத்தண்ணி படாமல் வைச்சிருங்கோ அம்மா" என்று டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்த வள்ளத்தில் ஏறியவன் கரை சேரவில்லை. அம்மா அதை அகதி முகாமில் பால்மா ரின்னுக்குள் வைத்துக் காத்து, மீள்குடியேற வந்தபோது சொந்த ஊரான விடத்தல்தீவுக்கே திரும்பக் கொண்டுவந்தார். போட்டுப் பார்க்க வழி இருக்கவில்லை. நிச்சயம் பண்ண வந்த றெனால்ட்தான் வழி சொன்னான். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேற்றர் புரோகிராம் தன்னிடம் இருக்கிறது, டிஸ்க்கில் உள்ளதை அப்படியே ஒரு கோப்பாக, இமேஜாக எடுத்துவிட்டால் அதில் ஓடும் என்றான். அந்தச் சொல்லில்தான் அவள் அவனிடம் மனதைக் கொடுத்தாள்.

நண்டுகள் வந்தன, வலையைக் கடித்தன. திரை கறுத்து, 'தோல்வி' என்று எழுத்து வந்தது.

"இது பிழை. நான் தோற்கிறேல்லையே," என்றாள்.

"அதுதானப்பா பிழை! தோற்காட்டி அதென்ன கேம்? புரோகிராமில ஒரு வரியைத் தூக்கினன், உம்மட பேரையும் எடுத்திட்டன். இப்ப பாரும், கம்பெனிச் சாமான் மாதிரி இருக்கு."

"முதல் எடுத்த இமேஜ்?"

"அதுக்கு மேலதான் சேவ் பண்ணினனான்."

"டிஸ்க்?"

"ஐயோ, அந்த மணம்! முழுக்கப் பூஞ்சணம். ஒருக்கா வாசிச்சதோட உள்ளுக்க உரிஞ்சு போச்சு. உதுக்குள்ள போட்டிட்டன்."

மூலையில் இருந்த குப்பைவாளியைக் காட்டினான். நிறஞ்சலா போய்க் குனிந்தாள். மத்தியானச் சோற்றுப் பார்சலின் தாளுக்குக் கீழே, மீன்முள்ளும் புளித்த குழம்புமாக, அண்ணனின் டிஸ்க் கிடந்தது. அவள் அதை எடுத்துத் தன் கைலேஞ்சியில் சுற்றினாள்.

"சீ, அதை ஏன் தொடுறீர்? இங்க வாரும், அதால வந்ததைப் பாரும்." அவன் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். பழைய டிஸ்க் இமேஜ்களைச் சேர்ப்பவர்களின் இணையத்தளம். அரிய ஒன்றை எடுக்க வேண்டுமென்றால், வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். "திருத்தின கேமைக் குடுத்து எடுத்தனான், கனகாலமாத் தேடின ஃபுட்போல் கேம். பஸ்ரியன்ர புண்ணியத்தில கிடைச்சிட்டுது!"

அவள் திரும்பக் கதிரைக்கு வந்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்தாள். பஸ்ரியனின் விளையாட்டுக்கு மேலே றெனால்ட் எழுதியிருந்தான்: 'போர்ப் பகுதியில் இருந்து! கடலில் காணாமல் போன சிறுவனின் ஒரே படைப்பு.' பக்கத்தில் பஸ்ரியனின் படம், கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்தது, அவளே கொடுத்தது. கீழே ஒருவன், 'அருமை, இப்படி இன்னும் கிடைக்குமா?' என்று கேட்டிருந்தான். அதற்கு றெனால்டின் பதில்: 'தேடிப் பார்க்கிறேன். இங்கே காணாமல் போனவர்களுக்குப் பஞ்சமில்லை.' கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

அந்த மஞ்சள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையையா நான் பீடத்துக்கு முன்னால் பிடிக்கப் போகிறேன்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது? நாளைக்கு ஓலை, சிரியும்." அவளுடைய கன்னத்தைத் தட்ட விரலை நீட்டினான். அவள் கதிரையோடு பின்னால் நகர்ந்தாள்.

"தொடாதேங்கோ."

"அட, இதுக்கே? வேணுமெண்டா அந்த வரியைத் திரும்பப் போட்டுத் தாறன். அஞ்சு நிமிச வேலை."

"அது நீங்கள் எழுதினதாயிருக்கும், அண்ணா எழுதினதில்லை," என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

பின்னேரம் விடத்தல்தீவில் பஸ்ஸால் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே கோயிலுக்குப் பக்கத்தில் பங்குச் சுவாமியார் இருக்கும் அறைவீட்டுக்குப் போனாள். சுவாமியார் மறுநாள் வாசிக்கவேண்டிய அறிவித்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, நாளைக்கு எங்கட ஓலையை வாசிக்கவேண்டாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பொம்பிளையே தடை சொல்ல வந்ததை இண்டைக்குத்தான் பாக்கிறன். என்ன பிள்ளை, குடியா?"

"இல்லை."

"வேற தொடுப்பு ஏதும்?"

"இல்லை சுவாமி. அண்ணாவின்ர சாவைக் காட்டி அவர் விளையாட்டுச் சாமான் வாங்கியிருக்கிறார். அதை எனக்கே காட்டிச் சிரிக்கிறார். அவரைப் பாக்க அருவருக்குது."

சுவாமியார் அடுக்கின் மேலே இருந்த அவர்களுடைய ஓலைத் தாளைப் பார்த்தார். "அருவருப்பைத் தடையெண்டு திருச்சபை சொல்லேல்லையே பிள்ளை. அம்மாவையும் ஒருக்கா யோசி. பொறுத்து, நல்லா யோசிச்சு முடிவெடு."

"ஓம் சுவாமி, யோசிக்கிறன்," என்று வாங்கில் இருந்தாள் நிறஞ்சலா. "முதல்ல அந்தத் தாளை அதுக்குள்ள இருந்து எடுங்கோ."